அப்பா நிறுத்திய வெள்ளைக் குளிசை

ஸ்டெபனிக்குச் சம்பளமில்லாத ஒரு வேலை சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டது. புலம்பெயர்ந்து வந்த நகரின் சென் ஜேம்ஸ் ரவுணில், உயரமான கட்டடமொன்றில், இரண்டு குடும்பங்கள் ஒரு குசினியைப் பங்குபோட்டுச் சமைத்த காலம் அது. அந்த வீட்டில் ஆங்கிலம் ஒழுங்காக விளங்கியது அவளுக்கு மட்டும்தான். கட்டடத்தைப் பராமரிக்கும் மனிதர் ஒருநாள் கதவை உடைப்பதுபோலத் தட்டினார். மீன் பொரிக்கிற மணம் நடைபாதை முழுக்க நிற்கிறது, நீங்களெல்லாம் எந்தக் காட்டிலிருந்து வந்தீர்கள் என்று கத்தினார்.

"என்னவாம் பிள்ளை?" என்று அப்பா அமிர்தநாதர் கேட்டார்.

"ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமைக்கட்டாம் அப்பா."

"உதுக்கோ உந்தக் கத்துக் கத்துறான்? அவன்ரை அப்பன் பிடிச்ச மீனோ எண்டு கேள்."

ஸ்டெபனி அந்த மனிதரை நிமிர்ந்து பார்த்து, அப்பா மன்னிப்புக் கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தணிந்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். "கேட்டியே, வாயடைச்சுப் போட்டான்" என்றார் அப்பா. இரண்டு பக்கமும் வென்ற சந்தோஷத்தோடு கதவு சாத்தப்பட்டது.

அதன் பிறகு வங்கி, பல் வைத்தியர், குடிவரவுக் கந்தோர், தம்பியின் பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். தம்பி யூட்சன் வகுப்பில் கதிரையைத் தூக்கி எறிந்த அன்று, "பெடியன் கொஞ்சம் துடியாட்டமாம்" என்று சொல்லி முடித்தாள். பொய் சொன்னதாக அவள் ஒருபோதும் நினைக்கவில்லை. கூராக வந்ததைக் கொஞ்சம் மழுக்கிக் கொடுத்தாள், அவ்வளவுதான். அதிகம் கதைக்காத பிள்ளை என்று உறவுக்குள் பேர். நாள் முழுக்க மற்றவர்களுக்காகக் கதைத்தவளுக்குத் தன் பங்குக்குக் கதைக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

பிறகு குடும்பம் நகரின் விளிம்பிலுள்ள மில்லிக்கனில் வீடு வாங்கியது. அப்பா பாண் தொழிற்சாலையில் ரொட்டி அடுப்புக்கு முன்னால் நின்று நின்று ஓய்வு பெற்றார். ஸ்டெபனி உயிரியல் படித்து, நகரின் நடுவே ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நடந்து போகலாம் என்று சென் ஜேம்ஸ் ரவுணிலேயே ஓரறை வீடொன்று எடுத்தாள். "நாங்கள் தப்பி ஓடி வந்த இடத்துக்கு இவள் திரும்பிப் போய் இருக்கிறாள்" என்று அம்மா றெஜினா, மாதா கோயிலில் கண்ட எல்லாரிடமும் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆய்வுகூடத்தில் அவளுடைய வேலை உயிரணுக்களை வளர்ப்பது. இரத்தப் புற்று வந்த எலியொன்றிலிருந்து அவள் பிறக்கும் முன்பே எடுக்கப்பட்ட அணுக்கள், தலைமுறை தலைமுறையாக, இளஞ்சிவப்புத் திரவத்தில் மிதந்துகொண்டிருந்தன. ஒரு சாதாரண வெள்ளை அணு பிறக்கும், வளரும், கிருமியை விழுங்கும், காலம் வந்தால் சாகும். இவையோ பாதி வழியில் வளர மறுத்து நின்றவை. உருண்டையாக மிதப்பதும் பெருகுவதும் தவிர வேறொன்றும் தெரியாதவை. அந்தக் குப்பிக்குள் அவள் டெக்ஸமெதசோன் என்ற ஸ்டீரொயிட் ஹோர்மோனைத் துளியிலும் துளியாக விடுவாள். சில நாட்களில் உருண்டைகள் அடியில் படியும். தட்டையாகும். கால் போல ஒன்றை நீட்டித் தரையைப் பிடிக்கும். பக்கத்தில் கிடக்கும் தூசு துணிக்கையை விழுங்கத் தொடங்கும். பெருகுவதை மறந்துவிடும். நஞ்சு வைத்துக் கொல்லாமல் வளர்த்தே புற்றை அடக்கும் அந்த வழியை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனம் இளகும். ஆனால் ஒவ்வொரு குப்பியிலும் சில அணுக்கள் எத்தனை நாள் ஹோர்மோனில் கிடந்தாலும் உருண்டையாகவே மிதக்கும். அவை ஏன் வளர மறுக்கின்றன என்பதுதான் அந்த ஆய்வுகூடத்தின் கேள்வி.

வீட்டில் கேட்டால் "எலியின்ரை இரத்தத்தைப் பாக்கிறது" என்பாள். அதற்கு மேல் சொன்னதில்லை.

அப்பாவுக்குப் பல் துலக்கும்போது பல்முரசிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்தது ஓர் இலையுதிர் காலத்தில். கையிலும் தொடையிலும் அடிபடாமலே நீலம் பாய்ந்தது. குடும்ப வைத்தியர் இரத்தத்தைச் சோதித்த கையோடு அவரை நகர மத்தியிலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். என்னவாக இருக்கலாம் என்று அவர் ஸ்டெபனியிடம் தொலைபேசியில் சொன்னதை அவள் அம்மாவிடம் சொன்னாள். ஆஸ்பத்திரி லிப்ட்டுக்குள் அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவருக்குச் சொல்லிப்போடாதை. கேட்டுதே? பிலோமினா பெரியம்மாவுக்கு டொக்டர் கான்சர் எண்டு சொன்ன அண்டைக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினவள். பேந்து ஒருத்தரையும் பாக்கேல்லை. ஒரு வாய் கஞ்சி குடிக்கேல்லை. வருத்தம் கொல்ல முதல் அந்தச் சொல்லு கொண்டுபோட்டுது."

"அம்மா, டொக்டர் சொல்லத்தானே போறா."

"டொக்டர் இங்கிலீஷிலைதானே சொல்லுவா" என்றார் அம்மா.

சிகிச்சையை உடனே தொடங்க வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்க நேரமில்லை, மகள் இருக்கிறாள்தானே என்று வைத்தியர் கட்டிலருகே அமர்ந்து விளக்கினார். இது இரத்தப் புற்றில் ஒரு தனி வகை. தொடக்கத்தில் மிக ஆபத்து. ஆனால் முதல் சில கிழமைகளைக் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் முழுதாகவே குணமாகிறார்கள். வைற்றமின் ஏ-யின் உறவான, வாயால் விழுங்கும் ஒரு குளிசை வளராத அணுக்களை வளரச் செய்யும். நாளத்தில் ஏற்றும் மருந்து அதற்குத் துணை. மூன்றாவது, வெள்ளை நிற ஸ்டீரொயிட் குளிசை. புற்றணுக்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் வளரும்போது நுரையீரலுக்குள் புகுந்து நீர் கோக்க வைக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது அந்த வெள்ளைக் குளிசைதான்.

அந்த அறையில் வைத்தியருக்கு அடுத்தபடி அதை விளங்கிக்கொண்டவள் ஸ்டெபனிதான். அவளுடைய குப்பியில் ஸ்டீரொயிட்டே அணுக்களை வளர்த்தது. இங்கே வளர்ப்பது வேறு மருந்து. வளர்ச்சியின் குழப்பத்தை அடக்குவது ஸ்டீரொயிட். எல்லாம் அவளுக்குக் கண்ணால் கண்டதுபோல இருந்தது.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அப்பா.

அம்மா கட்டிலின் மறுபக்கம் செபமாலையை உருட்டிக்கொண்டு அவளையே பார்த்தார்.

"இரத்தத்திலை ஒரு கிருமியாம் அப்பா. கொஞ்சம் பொல்லாத கிருமி. மருந்து இருக்காம்."

"கிருமியோ? அப்ப ஏன் அந்த மனுசி அவ்வளவு நேரம் கதைச்சவ?"

"மருந்தைப் பற்றி. ஒண்டு வைற்றமின். வெள்ளைக் குளிசை வீக்கம் வராமல் இருக்க."

"எனக்கு எங்கை வீக்கம்? மூண்டு வேளை ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்டால் இருக்கிற உடம்பும் வத்திப்போகும்" என்று அவர் சிரித்தார். அவருக்கு விளங்கிவிட்டதா என்று வைத்தியர் கேட்டார். விளங்கிவிட்டது என்றாள் ஸ்டெபனி.

இரத்தக் கசிவு நின்றதும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபத்து இன்னும் தீரவில்லை, குளிசை ஒன்றையும் விடக்கூடாது என்று இரண்டு தரம் சொல்லித்தான் அனுப்பினார்கள். வேலை நாட்களில் யூட்சன் அவரைக் காரில் கொண்டுவந்து நாள மருந்தை ஏற்றுவித்துக்கொண்டு போனான். தாதி ஒவ்வொரு முறையும் குளிசை எடுக்கிறீர்களா என்று கேட்பார். அப்பா "யெஸ், யெஸ், தாங்க் யூ" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்துக்கு ஸ்டெபனி மில்லிக்கனுக்குப் போனாள். அம்மா மட்டும்தான் கோயிலுக்குப் போய் வந்திருந்தார். அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூன்று தலையணை.

"கோயிலுக்குப் போகேல்லையோ அப்பா?"

"சப்பாத்து... கால் ஏறுதில்லை" என்றார். அந்தச் சின்ன வசனத்தின் நடுவே அவர் ஒருமுறை மூச்செடுத்ததை அவள் கவனித்தாள். குனிந்து பார்த்தாள். காலுறையின் பட்டி கணுக்காலுக்கு மேலே ஆழமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினாள், குழி விழுந்தது, திரும்ப எழும்பவில்லை.

"படுத்தால் மூச்சு முட்டி இழுக்குது. குளிர் பிடிச்சிட்டுது போலை. உதை விடு, நல்ல செய்தி ஒண்டு சொல்லுறன்." தன் பழைய நீரிழிவுக்கு இரத்தச் சீனி அளக்கும் சின்னக் கருவியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "பார். பதினெட்டு, பத்தொன்பது எண்டு நிண்டது, இண்டைக்கு எட்டு. எட்டு!"

"எப்பிடிக் குறைஞ்சது?"

"உந்த வெள்ளைக் குளிசையை நிப்பாட்டிப்போட்டன். அதுதான் சீனியை ஏத்தினது, நான் பிடிச்சிட்டன். பாணும் விட்டாச்சு, குரக்கன் பிட்டுத்தான். கிருமி போட்டுது, காய்ச்சலும் இல்லை, இரத்தமும் இல்லை. இனி எனக்கு என்னத்துக்கு வீக்கக் குளிசை? வைற்றமினை மட்டும் விடாமல் போடுறன். அது உடம்புக்கு நல்லது."

வளர்க்கிற குளிசையை ஒரு நாள் தவறாமல் போட்டிருக்கிறார். அடக்குகிற குளிசையை நிறுத்தியிருக்கிறார். நுணுக்குக்காட்டிக்குக் கீழே கால் நீட்டிப் பரவும் அணுக்களை அவள் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறாள். இப்போது அவை அப்பாவின் நெஞ்சுக்குள் பரவுகின்றன.

குசினிக்குள் போய் அம்மாவிடம் கேட்டாள். "உங்களுக்குத் தெரியுமோ?"

அம்மா பிட்டுக் குழலைக் கழுவிக்கொண்டே நின்றார். திரும்பவில்லை.

"தெரியும்."

"அம்மா!"

"நான் என்னெண்டு சொல்லுறது? போடுங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னனான். கிருமிக்குத்தானே, கிருமி போட்டுதே எண்டார். தன்ரை அண்ணர் றெமிஜியஸுக்குச் சீனி வருத்தத்தாலை முழங்காலோடை காலை எடுத்ததைச் சொன்னார். சீனி ஏறினால் எனக்கும் எடுப்பாங்கள், நீ தள்ளுவண்டி தள்ளுவியோ எண்டு கேட்டார். இது கான்சருக்குத் தாறது, போடுங்கோ எண்டு நான் சொல்லேலுமே?" அம்மா தண்ணீர்க் குழாயை மூடினார். "நீ கிருமி எண்டு சொன்னாய். பேந்து நான் என்னத்தைச் சொல்ல?"

"நீங்கள் சொன்னபடிதானே நான் சொன்னனான்?"

"ஓம். நான்தான் சொன்னனான்."

யூட்சன் காரை வாசலுக்குக் கொண்டுவந்தான். படியிறங்கும்போது அப்பா ஒவ்வொரு படியிலும் நின்றார். "ஒரு சளித் தடிமனுக்கு இந்த ஊர்வலமோ?" என்று கேட்க வெளிக்கிட்டவருக்கு வசனம் முடியும் முன் மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலும் பனிமூட்டம் போலத் தெரிந்தன. மூக்கில் ஒட்சிசன் குழாய் ஏறியது. தாதி ஒரு சின்னக் குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் இழுத்தார். குப்பியில் ஒட்டியிருந்த பெயர் டெக்ஸமெதசோன். ஒவ்வொரு கிழமையும் ஸ்டெபனி தன் கையால் எலியின் அணுக்களுக்கு விடுகிற அதே பெயர். அது அப்பாவின் நாளத்துக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வைத்தியர் அவளை வெளியே அழைத்தார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கலாம் போல இருந்தது அவளுக்கு.

"உங்கள் அப்பா ஏன் ஸ்டீரொயிட்டை நிறுத்தினார்? அது எதற்கு என்று அவருக்குத் தெரியுமா?"

ஸ்டெபனி வாயைத் திறந்தாள். மழுக்கிக் கொடுக்க ஒரு சொல்லும் அகப்படவில்லை.

"தனக்கு என்ன நோய் என்றே அவருக்குத் தெரியாது" என்றாள்.

வைத்தியர், இனி முக்கியமான எதையும் குடும்பத்தார் மூலம் பேசமாட்டேன், ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர் திரையில் வருவார், எல்லாவற்றையும் உங்கள் அப்பாவிடம் நேரே சொல்லப்போகிறேன் என்றார். அடுத்த இரண்டு நாட்கள் எப்படிப் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்தை மறுபடி நிறுத்தினால் காப்பாற்றவே முடியாது.

"முதலில் நான் சொல்கிறேன். தயவுசெய்து" என்றாள் ஸ்டெபனி.

இணைப்புக் கிடைக்கும்வரை நேரம் தந்தார் வைத்தியர். அம்மா நடைபாதையில் அவளுக்குக் குறுக்கே வந்து நின்றார். மணிக்கட்டைப் பிடிக்கக் கை நீட்டினார். பிடிக்காமல், முந்தானையை இறுக்கிக்கொண்டு விலகினார்.

அப்பா கண் மூடியிருந்தார். அவள் கதிரையை இழுத்துப் போட்டதும் திறந்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"அப்பா, உங்களுக்குக் கிருமி இல்லை. கான்சர். இரத்தத்திலை."

அவர் அவளைப் பார்த்தபடி கிடந்தார்.

"இரத்தத்திலை இருக்கிற வெள்ளை அணுக்கள் வளராமல் நிண்டு பெருகுது. அந்த வைற்றமின் எண்டு நான் சொன்ன குளிசை அதுகளை வளர வைக்குது. அதுதான் உங்களைச் சுகப்படுத்திற மருந்து. ஆனா எல்லாம் சேர்ந்து வளரேக்கை நெஞ்சுக்குள்ளை போய் நிறையும். வெள்ளைக் குளிசை அதை விடாது. அதைத்தான் நீங்கள் நிப்பாட்டினது. சுகம் வாற வருத்தம் அப்பா. சத்தியமாய். குளிசையைப் போட்டால் சுகம் வரும்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே."

"கொம்மாவுக்கு?"

"ஓம்."

"யூட்சனுக்கு?"

"ஓம் அப்பா."

குழாயில் ஒட்சிசன் சீறிக்கொண்டிருந்தது. அப்பா மெல்லத் தலையைத் திருப்பினார். சுவர்ப் பக்கம். வாசலில் நின்ற அம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஸ்டெபனி அப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் அசையவில்லை.

அப்போதுதான் தாதி சக்கரம் வைத்த கம்பமொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் உச்சியில் திரை. திரையில் ஓர் இளைஞன், காதில் ஹெட்போன்.

"வணக்கம் ஐயா. மருத்துவர் சொல்வதை நான் உங்களுக்கு அப்படியே தமிழில் சொல்வேன். நீங்கள் சொல்வதை அப்படியே அவரிடம் சொல்வேன். எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

எல்லா நோயாளிகளிடமும் சொல்கிற முகவுரைதான். அப்பாவின் தலை சுவரிலிருந்து திரும்பியது. திரையைப் பார்த்தார். பிறகு ஒரு கணம் ஸ்டெபனியைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் வாங்கிக்கொண்டு கண்ணைத் தாழ்த்தினாள்.

"தம்பி, எந்த ஊர்?" என்றார் மூச்சு வாங்க.

"மதுரைப் பக்கம் ஐயா. இது நீங்கள் கேட்டதா, மருத்துவரிடமும் சொல்லட்டுமா?"

"சொல்லும். எல்லாத்தையும் சொல்லும்."

வைத்தியர் பேசினார். இளைஞன் இரத்தப் புற்றுநோய் என்றான், நுரையீரலில் நீர் என்றான், இந்த இரண்டு நாட்களில் உயிருக்கே ஆபத்து வரலாம் என்றான். ஒவ்வொரு சொல்லும் முழு எடையோடு வந்து விழுந்தது. ஸ்டெபனிக்கு ஒவ்வொன்றையும் பாதி வழியில் பிடித்து நிறுத்தக் கை துடித்தது.

"அந்தக் குளிசையை விட்டதாலையோ இது வந்தது? கேளும்."

"ஆமாம் ஐயா. பெரும்பாலும் அதனால்தான் என்கிறார்."

"சீனி ஏறினால் என்ரை காலை எடுப்பினமோ?"

இல்லை, சீனிக்கு இன்சுலின் தருவோம், தினமும் பார்ப்போம் என்று வந்தது பதில். அதை அவர் முதல் நாளே கேட்டிருக்கலாம். கேட்க அவருக்கு ஒரு காரணமும் கொடுக்கப்படவில்லை.

திங்கட்கிழமை முழுக்க அவர் அதிகம் கதைக்கவில்லை. அம்மா கொண்டுவந்த கஞ்சியில் மூன்று கரண்டி குடித்தார். அம்மா அதைப் பெரிய விருந்து பார்த்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய் காலையில் ஒட்சிசனைக் கொஞ்சம் குறைத்தார்கள். படத்தில் மூட்டம் இன்னும் இருந்தது.

தாதி வந்து விரல் நுனியில் குத்திச் சீனி பார்த்தார். பதினேழு. அப்பா அந்த எண்ணைப் பார்த்தார். தாதி சின்னக் கடதாசிக் கிண்ணத்தில் குளிசைகளை நீட்டினார். நடுவில் வெள்ளை.

ஸ்டெபனி கதிரையிலிருந்து எழும்பினாள். அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. வெள்ளைக் குளிசையை விரலால் ஒதுக்கிக் காட்டி, பாண் தொழிற்சாலையில் கற்ற ஆங்கிலத்தில், தாதியையே கேட்டார்.

"திஸ் வன். வட் ஃபோர்?"

தாதி விளக்கினார். வேகமான ஆங்கிலம். அப்பாவின் கண்கள் பழக்க தோஷத்தில் ஸ்டெபனியிடம் ஓடின. அவளுடைய வாய்க்குள் தமிழ் தயாராக இருந்தது. அவர் கண்களைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"ஸ்லோ. வன் மோர் ரைம்."

தாதி நெஞ்சைத் தொட்டுக் காட்டி, மூச்சை இழுத்துக் காட்டி, மறுபடி நிதானமாகச் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார். குளிசையை நாக்கில் வைத்து, கையை நீட்டினார். ஸ்டெபனி தண்ணீரைக் கொடுத்தாள். விழுங்கினார்.

"நாளைக்கு இரத்தம் பாத்துச் சொல்லுவினம்தானே" என்றார், குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது. "எனக்கு முழுக்கத் தெரியவேணும்."

"சொல்லுறன் அப்பா."

"நீ வேண்டாம்" என்றார் அவர். "அந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிற பெடியனைக் கூப்பிடச் சொல்லு."

ஸ்டெபனி குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, தாதியிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பா சொன்னபடியே.